சொல்ல வந்தேன் சார்

1/
அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில உங்க வீட்டு ஆளுங்க யாராவது படுத்திருந்தா இந்தக் காட்சிய பாத்திருப்பீங்க. காலை ஒன்பதரை மணி. ஒரு கட்டிலைச் சுத்தி வெள்ளைக் கோட்டு போட்ட பதினஞ்சு இருபது பசங்க. நடுவுல ஒரு டாக்டர். இங்கிலீஷ்ல ஏதோ பேசிக்குவாங்க. படுத்திருக்கிறவங்க ஒவ்வொரு மூஞ்சியா மாத்தி மாத்தி பாப்பாங்க. அங்க என்ன நடக்குது, அதை நடத்துற இடத்துல இருந்து நான் பண்ணின ஒரு தப்பு என்ன, அதைப் பத்தின த்ரெட் இது. நீளம்தான். பொறுமையா படிங்க மக்களே.

2/
நாங்க அதை 'கிளினிக்ஸ்'னு சொல்லுவோம். முறையா சொன்னா கேஸ் டிஸ்கஷன். ஒரு மாணவர் முன்னாடியே வந்து நோயாளிகிட்ட பேசி, பரிசோதிச்சு, எழுதி வெச்சிருப்பார். இதுக்கு 'கேஸ் எடுக்கிறது'ன்னு பேரு. அப்புறம் எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லணும். நடத்துறவர் கேள்வி கேப்பார். என்ன நோயா இருக்கலாம்? ஏன்? வேற என்னவா இருக்கலாம்? அடுத்து என்ன டெஸ்ட், என்ன மருந்து? புத்தகத்துல நிமோனியா ஒரு அத்தியாயம். வார்டுல நிமோனியா ஒரு மனுஷன். அவருக்கு சுகரும் இருக்கும், கடனும் இருக்கும், நாளைக்கே வீட்டுக்குப் போகணும்ங்கிற அவசரமும் இருக்கும். அந்த வித்தியாசத்தை சொல்லிக் கொடுக்கிற இடம்தான் இது.

3/
இதுக்குப் பின்னாடி ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு. 1900-ல ஹார்வர்டுல வால்டர் கேனன்னு ஒரு மருத்துவ மாணவர். மணிக்கணக்கா லெக்சர் கேட்டு நொந்து போயிருந்தார். அவரோட ரூம்மேட் சட்டம் படிக்கிறவர். சட்டக் கல்லூரில நிஜ வழக்குகளை எடுத்து வெச்சு விவாதம் பண்ணியே பாடம் நடக்கும். அந்த ரூம்மேட் ராத்திரி ரூமுக்கு வந்தும் ஆர்வமா அதையே பேசிக்கிட்டிருப்பாராம். 'மருத்துவத்துலயும் ஏன் இப்படிச் சொல்லித்தரக் கூடாது?'ன்னு கேனன் ஒரு கட்டுரை எழுதினார். அப்போ அவர் இன்னும் மாணவர்தான். ஆக, இந்த யோசனையை எழுதி முன்வெச்சது ஒரு புரொபசர் இல்ல. ஒரு மாணவர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

4/
அதை எடுத்து வளர்த்தவர் பாஸ்டன்ல இருந்த ரிச்சர்ட் கேபட். அவரோட ஆஸ்பத்திரில ஒரு பழக்கம். ஒரு கேஸோட விவரத்தை மூத்த மருத்துவர்கிட்ட கொடுப்பாங்க. அவர் எல்லார் முன்னாடியும் யோசிச்சு யோசிச்சு 'இதுவாத்தான் இருக்கணும்'னு சொல்லுவார். அதுக்கப்புறம் பிரேதப் பரிசோதனை முடிவைச் சொல்லுவாங்க. பெரியவர் சொன்னது தப்பா இருந்தா தப்புதான். அப்படியே அச்சுலயும் வரும். 1920-கள்ல ஆரம்பிச்ச அந்தத் தொடர் நியூ இங்கிலாந்து ஜர்னல்ல பல வருஷம் வந்துச்சு. 1912-லயே இந்த மனுஷன் மூவாயிரம் பிரேதப் பரிசோதனைகளை எடுத்து வெச்சு, உயிரோட இருக்கும்போது டாக்டருங்க நோயை எங்கெங்க தப்பா கணிச்சாங்கன்னு வெளிப்படையா எழுதினவர்.

5/
அதாவது இந்த முறையோட அஸ்திவாரமே 'பெரிய டாக்டரும் எல்லார் முன்னாடியும் தப்பா சொல்லலாம்'ங்கிறதுதான். ஆனா நான் படிச்சு வந்த கிளினிக்ஸ் அப்படி இல்ல. கேள்வி மேல கேள்வி விழும். தெரியலைன்னா நிக்கணும். நோயாளி, அவங்க சொந்தக்காரங்க, சிஸ்டர், பேட்ச்மேட் எல்லார் முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கணும். 'பயம் இருந்தாத்தான் படிப்பானுங்க'ன்னு சொல்லுவாங்க. நானும் பயந்துதான் படிச்சேன். அசிஸ்டென்ட் புரொபசரா சேர்ந்த அன்னைக்கு அந்தப் பயத்தை அப்படியே அடுத்த பேட்சுக்குக் கை மாத்திவிட்டேன். ஏன்னு ஒரு நாள்கூட யோசிக்கல.

6/
இனி நடந்த கதை. சில வருஷம் ஆச்சு. நோயாளி, மாணவி ரெண்டு பேரும் யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். கார்த்திகை மாசம். மழை விட்ட நேரம். எங்க யூனிட் அட்மிஷன் நாள். ஒரு அம்மா, நாப்பது வயசு சுமார். நூறு நாள் வேலைக்குப் போறவங்க, வீட்டுல ஆடு வளர்க்கிறவங்க. எட்டு நாளா காய்ச்சல், தலைவலி, கொஞ்சம் இருமல். ஊர்ல ரெண்டு ஊசி போட்டுப் பாத்துட்டு இங்க வந்திருக்காங்க. பிளேட்லெட் குறைவு. லிவர் டெஸ்ட் ஏறியிருக்கு. வார்டுல அப்போ பாதிப் பேர் டெங்கு. இவங்களுக்கும் கேஸ் ஷீட்ல 'டெங்கு?'ன்னு எழுதியாச்சு. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். 'எட்டாவது நாள்ல அந்த டெஸ்ட் நெகட்டிவ் ஆகலாம்தான்'னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்தக் கேள்விக்குறி அடுத்த நாளே காணாமப் போச்சு. யாரும் அழிக்கல. நாங்க பாக்கிறதை நிறுத்திட்டோம், அவ்வளவுதான்.

7/
மறுநாள் காலை கிளினிக்ஸ்ல அந்த அம்மாதான் கேஸ். எடுத்தது ஒரு பைனல் இயர் பொண்ணு. அதிகம் பேசாது. கடைசி வரிசைல நிக்கும். ஹிஸ்டரி நல்லாவே சொல்லுச்சு. நான் பாதிலயே புகுந்து டெங்கு பத்தி ஆரம்பிச்சிட்டேன். எப்போ ஆபத்து, எவ்வளவு ட்ரிப்ஸ் ஏத்தணும், எப்போ நிறுத்தணும். எனக்கே நான் நல்லா எடுக்கிற மாதிரி ஒரு திருப்தி. நடுவுல அந்தப் பொண்ணு, "சார், எக்ஸாமினேஷன்ல ஒண்ணு..."ன்னு ஆரம்பிச்சது. நான், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. ஹெமட்டோகிரிட் எவ்வளவு?"ன்னேன். அதுக்குத் தெரியல. "கேஸ் எடுத்தியா, இல்ல கதை பேசிட்டு வந்தியா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வாயே திறக்கல. நான் அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.

8/
அடுத்த நாள் ராத்திரி அந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறல். நுரையீரல் ரெண்டு பக்கமும் எக்ஸ்ரேல வெள்ளையா இருந்துச்சு. ஐ.எம்.சி.யூ-க்கு மாத்தினோம். அங்க சிஸ்டர் துணி மாத்தும்போது கூப்பிட்டாங்க. "சார், இடது மார்புக்கு அடில பீடியால சுட்ட மாதிரி ஒரு புண்ணு இருக்கு, பாத்தீங்களா?" போய்ப் பாத்தேன். ஒரு பட்டாணி அளவு. கறுப்புப் பொருக்கு, சுத்தி லேசா சிவப்பு. தொட்டா வலி இல்லைன்னாங்க. எனக்குக் கால் நடுங்கிடுச்சு. டெங்கு இல்ல. ஸ்க்ரப் டைஃபஸ்.

9/
தெரியாதவங்களுக்காக: பேப்பர்ல 'உண்ணிக் காய்ச்சல்'னு போடுவாங்க. ஆனா கடிக்கிறது மாட்டு உண்ணி இல்ல. கண்ணுக்கு சரியாத் தெரியாத ஒரு சின்னப் பூச்சியோட லார்வா. புதர், புல்லு, வரப்பு இங்கெல்லாம் இருக்கும். நம்ம பக்கம் மழைக்குப் பின்னாடி, குளிர் மாசங்கள்ல அதிகம். கடிச்ச இடத்துல பல பேருக்கு (எல்லாருக்கும் இல்ல) வலி இல்லாத கறுப்புப் பொருக்கு வரும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி, இடுப்புல பாவாடை நாடா இறுக்கிற இடம், காதுக்குப் பின்னாடின்னு மறைவான இடமாத்தான் இருக்கும். டாக்ஸிசைக்ளின்னு ஒரு மாத்திரை, விலை சில ரூபாய்தான். சீக்கிரம் கொடுத்தா பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும். விட்டா நுரையீரல், கிட்னி, மூளைன்னு இழுத்துட்டுப் போயிடும். நாங்க போட்டுட்டு இருந்த வழக்கமான ஆன்டிபயாடிக் ஊசி இதுக்குக் கேக்காது.

10/
உடனே மருந்து ஆரம்பிச்சோம். மூக்கு, வாய் மூடின மாஸ்க்ல மெஷின் வெச்சு மூச்சு. அந்த ராத்திரி நான் வீட்டுக்குப் போகல. காலைல எப்படிடா இதை விட்டோம்னு கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். பி.ஜி எழுதினது, சி.ஆர்.ஆர்.ஐ எழுதினது, நான் எழுதினது. எதுலயும் தோலைப் பத்தி ஒரு வரி இல்ல. நாங்க எல்லாருமே ஆம்பளைங்க. கூட்டமா இருக்கிற வார்டுல ஒரு பொம்பளை நோயாளிய திரை போட்டு, சிஸ்டரைக் கூட வெச்சு முழுசா பரிசோதிக்க யாருக்கும் நேரமும் இல்ல, தோணவும் இல்ல.

11/
மதியம் அந்தப் பொண்ணு டிபார்ட்மென்ட் வாசல்ல நின்னுச்சு. கைல நோட்டு. ஒண்ணும் பேசாம அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுச்சு. முந்தாநாள் தேதி. 'இடது மார்புக்குக் கீழே 1 செ.மீ கறுப்புப் பொருக்கு. வலி இல்லை. தீக்காயமா? நோயாளிக்குத் தெரியவில்லை.' ஸ்க்ரீன் போட்டு, முழுசா, முறையா பாத்தது அது ஒண்ணுதான். "இதை ஏம்மா அன்னைக்குச் சொல்லல?"ன்னு கேட்டேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ளயே பதில் எனக்குத் தெரிஞ்சிடுச்சு. "சொல்ல வந்தேன் சார்"னு மட்டும் சொல்லுச்சு. கோபமா சொல்லல. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

12/
கணக்கு போட்டுப் பாருங்க. கிளினிக்ஸ் நடந்தது காலை பத்து மணி. சிஸ்டர் கூப்பிட்டது அடுத்த நாள் ராத்திரி பத்து மணி. முப்பத்தாறு மணி நேரம். அத்தனை நேரமும் அந்த அம்மாவோட டயக்னோசிஸ் ஒரு பைனல் இயர் மாணவியோட நோட்டுக்குள்ள மூடியே இருந்துச்சு. மூடினது நான்.

13/
அந்த அம்மா பிழைச்சுட்டாங்க. முதல்லயே சொல்லிடுறேன், இல்லைன்னா அதையே யோசிச்சுட்டுப் படிப்பீங்க. மூணாவது நாள் காய்ச்சல் நின்னுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு நடந்து வீட்டுக்குப் போனாங்க. ஆனா டிஸ்சார்ஜுக்கு முன்னாடி, கூட இருந்த அவங்க பொண்ணு (பிளஸ் டூ படிக்கிற பிள்ளை) என்கிட்ட வந்து கேட்டுச்சு. "சார், அன்னைக்கு நீங்க எல்லாரும் அம்மாவைச் சுத்தி நின்னு ஒரு மணி நேரம் பேசினீங்களே. அப்பவே தெரியலையா சார்?"

14/
'ஆரம்பத்துல தெரியாதும்மா, போகப் போகத்தான் தெரியும்'னு சொல்லியிருக்கலாம். பாதி உண்மை. பிள்ளையும் நம்பியிருக்கும். ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசாம நின்னேன். அப்புறம் சொன்னேன்: "எங்கள்ல ஒருத்தங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சும்மா. நான் அவங்களைப் பேச விடல. தப்பு என்னோடது." அந்தப் பிள்ளை என்னை மன்னிச்சுதான்னு தெரியாது. ஒண்ணும் சொல்லாம அம்மாவோட துணியை மடிச்சு பையில வைக்கப் போயிடுச்சு. பதினாலு வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்ல. எந்தப் பரீட்சையிலயும்.

15/
அடுத்த வாரம் அதே பேட்ச். கிளினிக்ஸ் ஆரம்பிக்கும்போது அந்தக் கேஸை நானே பிரசன்ட் பண்ணினேன். மாணவர் மாதிரி நின்னு. எங்க தப்பு, யார் தப்புன்னு சொன்னேன். அந்தப் பொண்ணுகிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சது எல்லார் முன்னாடியும்தானே. அன்னைல இருந்து நான் கிளினிக்ஸ் நடத்துற முறையை மாத்திக்கிட்டேன். பெரிய வித்தையெல்லாம் இல்ல.

16/
முதலாவது: கடைசியாத்தான் நான் வாய் திறப்பேன். நான் 'டெங்கு'ன்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் இருபது தலையும் டெங்குன்னுதான் ஆடும். அதனால ஜூனியர்ல ஆரம்பிச்சு மேல போவோம். ஒவ்வொருத்தரும் 'நான் இதுன்னு நினைக்கிறேன், காரணம் இது'ன்னு ஒரு முடிவு சொல்லணும். தப்பா இருக்கலாம். ஆனா சொல்லணும். 1992-ல அமெரிக்காவுல சில குடும்ப மருத்துவர்கள் 'ஒன் மினிட் பிரிசெப்டர்'னு ஒரு முறையை எழுதினாங்க. அதோட முதல் படியே இதுதான்: மாணவரை ஒரு முடிவுக்கு வர விடு. அப்புறம், ஏன்னு கேளு. ஒரு பொது விதி சொல்லிக்கொடு. சரியா செஞ்சதைச் சொல்லிப் பாராட்டு. தப்பைத் திருத்து. படிக்க சாதாரணமா இருக்கும். பழக்கத்துக்குக் கொண்டுவர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

17/
ரெண்டாவது: கேள்வி கேட்டுட்டு சும்மா இருக்கிறது. மேரி பட் ரோன்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் 1970-கள்ல வகுப்பறைகளைப் பதிவு பண்ணிக் கேட்டாங்க. ஆசிரியருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்க. அதை மூணு செகண்ட் ஆக்கினாலே பதில் நீளமாகுது, எப்பவும் பேசாத பிள்ளைங்க பேசுதுங்க. நான் மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுவேன். எண்ணிப் பாருங்க, எவ்வளவு நேரம்னு. வார்டுல இருபது பேர் முன்னாடி அந்த அஞ்சு செகண்ட் மௌனம் ஒரு யுகம் மாதிரி இருக்கும்.

18/
மூணாவது: 'எது பொருந்தல?'ங்கிற கேள்வி. டயக்னோசிஸ் சொன்னதும் விட மாட்டேன். இந்த நோய்னா இந்த நோயாளிகிட்ட எது இடிக்குது? அன்னைக்கு இதைக் கேட்டிருந்தா, 'டெங்குன்னா எட்டாவது நாள்ல காய்ச்சல் விட்டிருக்கணுமே சார்'னு யாராவது சொல்லியிருப்பாங்க. நாலாவது: நோயாளிகிட்ட முதல்ல அனுமதி. முடிஞ்சதும் என்ன பேசினோம்னு ஒரு மாணவர் தமிழ்ல அவங்களுக்குச் சொல்லணும். 'கேஸ்'னு சொல்லக் கூடாது, அவங்க பேரைச் சொல்லணும். இதுல ஒரு லாபம் இருக்கு. தமிழ்ல சொல்லும்போதுதான் நோயாளி, 'இல்ல தம்பி, அப்படி இல்ல'ன்னு குறுக்க வருவாங்க. அங்கதான் பல தடவை உண்மையான ஹிஸ்டரி கிடைக்கும்.

19/
ஒரு உதாரணம். போன வருஷம், விடிகாலைல வந்த ஒரு இளைஞர். வயித்துவலி, வாந்தி. கேஸ் ஷீட்ல கேஸ்ட்ரைட்டிஸ். ஒன்பது மணிக்கு டிஸ்கஷன். 'எது பொருந்தல?'ன்னு கேட்டுட்டு எண்ணிட்டு நிக்கிறேன். நாலு வரைக்கும் எண்ணியாச்சு. கிராமத்துல இருந்து வந்த ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், இவர் ராத்திரி தரையில படுத்திருந்தாரா? எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. கண்ணும் சொருகற மாதிரி இருக்கு."

20/
களத்து மேட்டுல பாய் விரிச்சுப் படுத்திருக்கார். கட்டுவிரியன். அது ராத்திரில வரும், கடிச்ச தடம் பல நேரம் தெரியவே தெரியாது, வலியும் பெருசா இருக்காது. வயித்துவலியோட எழுந்திரிப்பாங்க. அப்புறம் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிக்கும். விஷமுறிவு மருந்து உடனே போட்டோம், மூச்சுக்கு வென்டிலேட்டரும் தேவைப்பட்டுச்சு, பிழைச்சார். அந்தப் பையன் கேக்கலைன்னாலும் இன்னும் ஒரு மணி நேரத்துல நாங்களே கண்டுபிடிச்சிருப்போம்னு நினைக்கிறேன். ஆனா அந்த ஒரு மணி நேரம் அவருக்கு இருந்திருக்குமான்னு தெரியாது.

21/
எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஒரு கட்டிலைச் சுத்தி இருபது பேர் நிக்கிறது மாறல. ஓ.பி-ல கூட்டம் நிக்கும்போது 'அஞ்சு வரைக்கும் எண்ணு'ன்னா சிரிப்பு வரும். சில நாள் பழைய ஆள் எனக்குள்ள இருந்து எட்டிப் பாக்கிறான். போன மாசம்கூட ஒரு பையனை வெடுக்குன்னு பேசிட்டு சாயங்காலம் கூப்பிட்டு சமாதானம் சொன்னேன். சக டாக்டர் ஒருத்தர், "உங்க கிளினிக்ஸ் பட்டிமன்றம் மாதிரி இருக்கு சார்"னு கிண்டல் பண்ணினார். பயம் இல்லைன்னா படிக்க மாட்டானுங்கன்னு இன்னமும் சொல்றவங்க இருக்காங்க. கண்டிப்பு வேணும், நானும் ஒத்துக்கிறேன். படிக்காம வந்தா கேக்கிறேன், தனியா கூப்பிட்டுக் கேக்கிறேன். ஆனா படிக்க வெக்கிற அதே பயம்தான் பேச விடாமலும் பண்ணுது. நோயாளிக்குத் தேவை, தெரிஞ்சதைச் சொல்ற டாக்டர்.

22/
இதெல்லாம் டாக்டருங்க விஷயம், நமக்கென்னன்னு நினைக்கலாம். இல்ல. அந்த டிஸ்கஷன்ல நீங்களும் ஒரு ஆள். மாணவர்கள் வந்தா, இஷ்டம் இல்லைன்னா 'வேண்டாம்பா'ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்காக வைத்தியத்துல ஒரு குறையும் வைக்கக் கூடாது. திரை போடச் சொல்லலாம், பெண் ஒருத்தர் கூட இருக்கணும்னு கேக்கலாம். சம்மதிச்சீங்கன்னா முழுசா சொல்லுங்க. வார்டுல உங்க கதையை உக்காந்து கேக்க நேரம் இருக்கிறது பல நேரம் அந்தப் பசங்களுக்கு மட்டும்தான். காய்ச்சலோட இருக்கும்போது உடம்புல எங்க கறுப்புப் பொருக்கு இருந்தாலும், எந்த இடமா இருந்தாலும், வெக்கப்படாம காட்டுங்க.

23/
மாணவர்கள் யாராவது இதைப் படிச்சா: எங்களை மாதிரி ஆளுங்க குறுக்க பேசுவோம். கேலி பண்ணுவோம். அப்பவும் இன்னொரு தடவை சொல்லுங்க. அங்க சொல்ல முடியலைன்னா வெளில வந்து சொல்லுங்க, பி.ஜி-கிட்ட சொல்லுங்க, சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. ஆனா இது உங்க பொறுப்புன்னு நான் தள்ளிவிடல. சொல்றதுக்கு இடம் கொடுக்க வேண்டியது நடத்துறவரோட வேலை. அன்னைக்கு அந்த வேலையை நான் செய்யல.

24/
அந்தப் பொண்ணு இப்போ வேற ஊர்ல மெடிசின் பி.ஜி. இந்த த்ரெட் போடலாமான்னு கேட்டு அனுப்பினேன். படிச்சிட்டு ஒரே ஒரு திருத்தம் சொல்லுச்சு. "சார், பட்டாணி அளவுன்னு போட்டிருக்கீங்க. என் நோட்டுல 1 செ.மீ. அதையும் சேர்த்திருக்கீங்கதான், ஆனா முதல்ல அதைப் போட்டிருக்கலாம். அளந்து பாத்தேன் சார்." அப்படியே விட்டிருக்கேன்மா. நீ அளந்த பிறகும் நான் பாக்காம விட்டது அது.